வகிட்டுக்குள் போன குங்குமம்

கண்டி டவுனில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறேன். கேஷியர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிவி இருக்கிறது. கடையிலுள்ள கெமராக்கள் எல்லாம் பார்ப்பது அதில் தெரியும். ஒருநாள் பில்லோடு அங்கே நின்றபோது, திரையில் ஒரு பெண்ணின் உச்சந்தலையைப் பார்த்தேன். முடி விலகி, நடுவகிடு ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்துக் கிடந்தது. பாவம், யாரோ வயதான அம்மா என்று நினைத்தேன். மூக்கைச் சொறிந்தேன். அவளும் சொறிந்தாள்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. அன்று பஸ்ஸில் கட்டுகஸ்தோட்டைக்குத் திரும்பும்வரை சீட்டில் சாயாமல் உட்கார்ந்திருந்தேன். பின்சீட்டுக்காரர் என் உச்சியைத்தான் பார்க்கிறார் என்று ஒரு எரிச்சல்.

என் கணவர் கட்டாரில் லொறி ஓட்டுகிறார். கல்யாணமான புதிதில், "ஒன் தலமுடியப் பாத்துத்தான் சரின்னு சொன்னேன்" என்பார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனாலும் விளையாட்டுப் பேச்சுத்தான் மனதில் குத்திக்கொண்டு நிற்கும். வேலைக்குக் கிளம்பும்போது என் வகிட்டுக் குங்குமம் கோடு தாண்டி ஈசிக்கொண்டு இருந்தால் பெருவிரலால் துடைத்துச் சரியாக்கிவிடுவார். அந்த விரல் தீபாவளி லீவுக்கு வரப்போகிறது, அதற்குள் முடி வளர்ந்தாக வேண்டும். எனக்கு இருந்த ஒரே யோசனை இதுதான். வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் அழைப்பார். நான் போனைத் தாடைக்குக் கீழே பிடிப்பேன். "என்ன, ஒன் மூக்கு ஓட்டை மட்டுந்தான் தெரியுது" என்பார். சிரித்துச் சமாளிப்பேன்.

யூடியூபில் ஒரு வெள்ளைக்காரன் வழி காட்டினான். ரேசர் போல ஒரு பிடி, அதன் நுனியில் ஊசிகள் நிறைந்த சின்ன உருளை. அதைத் தலையில் உருட்டினால் தோல் விழித்துக்கொண்டு முடி முளைக்குமாம். ஆன்லைனில் வரவழைத்தேன். பார்சலைப் பிரித்துப் பார்த்த மாமியாரிடம், சேலையில் நூல் எடுக்கிற சாமான் என்று பொய் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கோயிலுக்குப் போனதும் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொள்வேன். வகிட்டின் இரண்டு பக்கமும் முன்னும் பின்னும் உருட்டுவேன். நெற்றிப் பக்கம் வரும்போது கண்ணில் நீர் முட்டும். இரத்தம் பொட்டுப் பொட்டாக எட்டிப் பார்க்கும். வலித்தால் வேலை செய்கிறது என்று நானே எனக்கு டொக்டராகி முடிவு செய்துகொண்டேன்.

அந்த வெள்ளைக்காரன் ஒரு நாள் முழுக்கத் தலையில் எண்ணெய் வைக்காதே, ஷாம்பு போடாதே, வெயிலில் போகாதே என்று எல்லாம் சொன்னான். குங்குமத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பின்னேரம் விளக்கேற்றியதும் வழக்கம்போல விரலை நனைத்து, புதிதாகக் குத்திய வகிட்டில் குங்குமத்தை அழுத்தி இழுத்தேன். சுரீரென்று எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வைக்காமல் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒருதரம் இருந்து பார்த்தேன். மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"புருசன் கடல் கடந்து கெடக்கான், வெறும் வகிட்டோட எங்கடி போற?"

மாமனார் இறந்ததிலிருந்து அவர் குங்குமத்தைத் தொடுவதில்லை. டப்பாவை எடுத்துத் தரவும் மாட்டார். தாடையால் சாமி அறையைக் காட்டினார். நான் திரும்பிப் போய் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஆரம்பத்தில் பூனைமயிர் போல ஏதோ முளைத்தது. பூரித்துப்போனேன். பிறகு அரிப்பு. பிறகு பருக்கள். ஒருநாள் காலையில் தலையணை உறையில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை. வகிட்டில் குங்குமமும் சீழும் சேர்ந்து பொருக்குக் கட்டியிருந்தது. சீப்பை வைத்தால் பொருக்கோடு முடியும் வந்தது. முளைத்தது மட்டுமல்ல, ஏற்கனவே இருந்ததும் வந்தது. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

மாமியார் ஏசித் தீர்த்தார். "தலையக் கொத்தினா மயிர் மொளைக்கும்னு எவன்டி சொன்னான்? இது என்ன கீரைப் பாத்தியா?" ஏசிக்கொண்டே கொதித்து ஆறின உப்புத்தண்ணீரும் பஞ்சும் கொண்டுவந்தார். என் தலையை மடியில் சாய்த்துப் பொருக்கை ஊறவைத்து ஊறவைத்து எடுத்தார். குங்குமத்தைத் தொடாத விரல்களெல்லாம் சிவந்துவிட்டன. பாதியில் ஏச்சு நின்றுபோனது. ஏன் என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தோல் டொக்டரைச் சனல் பண்ணி, காசு கட்டி நம்பர் எடுத்து, அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். சிங்கள அம்மா, நன்றாகத் தமிழ் பேசினார். லைட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல என்ன போட்டது?" என்றார்.

"குங்குமம்."

"ஊசி குத்தின அதே நாளா?"

"ஆமா, டொக்டர்."

கோபப்படுவார் என்று பார்த்தேன். பெருமூச்சுதான் விட்டார். புண் ஆறிவிடும், ஆனால் புண் பட்ட இடத்தில் இனி முடி வருவது சந்தேகம் என்றார். சாயம் தோலுக்குள் போயிருக்கிறது, பச்சை குத்தின மாதிரி, அது அநேகமாகப் போகாது என்றும் சொன்னார். இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்துக் குறைவு என்று வந்தது, முடி கொட்டியது அதனால்தானாம். முதலிலேயே வந்திருந்தால் மாத்திரையோடு முடிந்திருக்கும். வீடு வரும்வரை என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

புண் ஆறியது. குங்குமம் வைப்பதை நிறுத்தினேன். மாமியார் மறிக்கவில்லை. மறிக்கத் தேவையும் இருக்கவில்லை, வகிட்டில் மங்கலான சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. முடியைப் பக்கவாட்டில் எடுத்துச் சீவி அதை மூடினேன்.

தீபாவளிக்கு அவர் வந்தார். முதல்நாள் தப்பித்தேன். மறுநாள் காலை தலை குளித்துவிட்டுத் தேத்தண்ணி கொண்டுபோனபோது ஈர முடி தானாக நடுவில் பிரிந்துவிட்டது.

"குங்குமம் ஈசிட்டு இருக்கு, இங்க வா" என்று பெருவிரலால் துடைத்தார். போகவில்லை. விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு மறுபடி துடைத்தார். பிறகு குனிந்து பார்த்தார். முடி இல்லாத அந்த இடம் முழுவதையும் பார்த்தார்.

நான் தேத்தண்ணியை மேசையில் வைத்தேன். குசினி அடுப்பருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாமியார்தான் சொன்னார்.

"தேய்க்காத தம்பி, அது போகாது. எனக்கு நாலு பொம்பளைங்க சேந்து அழிச்சு விட்டாங்க. இவளுக்கு யாராலயும் அழிக்க ஏலாது."

அவர் கையை எடுத்துவிட்டார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. தேத்தண்ணி ஆறும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

லீவு முடிந்து போய்விட்டார். முடி போன கவலை இப்போது பாதிதான். கண்ணாடியில் அந்தச் சிவப்பைப் பார்க்கும்போது, இது என் கடைசிவரை இருக்கும், அவரும் இருக்கவேண்டுமே என்ற பயம் கூடவே வருகிறது. வெள்ளிக்கிழமைகளில் அவருடைய அழைப்பு வரப் பிந்தினால் என் கை உச்சிக்குப் போய்விடுகிறது.