குழாயில் சுற்றிய வெள்ளை டேப்

1988, மே 9: வயலுக்குச் சாக்கடைச் சேறு, பதினாறு லாரி. இலவசம்.
2021, அக்டோபர் 6: பால் கொள்முதல் நிறுத்தம்.
2021, நவம்பர் 2: கிணற்று நீர்ப் பரிசோதனை, 425 டாலர்.
2021, டிசம்பர் 14: மறுபடியும், 425 டாலர்.
2022, ஜனவரி 25: மறுபடியும், 425 டாலர்.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் நாற்பத்தாறு கறவை மாடுகள் வைத்திருந்த லூசியன் மிஷோவுக்கு அறுபத்தெட்டு வயது வரை தண்ணீரைப் பற்றி யோசிக்க ஒரு காரணமும் இருந்ததில்லை. சேற்றை உரமென்று அந்தக் காலத்தில் எல்லோரும்தான் வாங்கிக் கொட்டினார்கள். அதிலிருந்த அழியாத ரசாயனம் புல்லில் ஏறிப் பாலில் வந்துவிட்டது. கிணறு சுத்தமென்றால் வெளியில் புல் வாங்கிப் போட்டு மாடுகளைக் காப்பாற்றிவிடலாம். கிணறும் கெட்டிருந்தால் மந்தையை அழிக்க வேண்டியதுதான். அது தெரியாமல் புல் வாங்க வங்கி கடன் தராது.

முதல் தண்ணீர் மாதிரியை ஆய்வகமே செல்லாதென்று தள்ளிவிட்டது. அன்று மழை, மாதிரி எடுத்தவனின் மழைக்கோட்டிலும் அதே ரசாயனமாம்.

இரண்டாம் முறை ஆய்வகத்திலிருந்து டெஸ் ஹான்ஸ்கம் என்ற பெண் பருத்திச் சட்டையும் கம்பளியுமாக வந்தாள். அவள் புட்டியை நிரப்பி ஐஸ் பெட்டியில் வைக்கும்போது லூசியன் பெருமையாகச் சொன்னார்: "போன வாரம் இந்தக் குழாய் சொட்டிட்டு இருந்துச்சும்மா. நீ வர்றேன்னு பிரிச்சுப் புது டேப் சுத்தி வெச்சிருக்கேன்."

டெஸ்ஸின் கை நின்றது. "என்ன டேப்?"

"வெள்ளை டெஃப்லான் டேப். வேற என்ன சுத்துவாங்க, ரிப்பனா?"

"அந்த டேப்பே இந்த ரசாயனக் குடும்பந்தாங்க! இந்தத் தண்ணி இனி செல்லாது. எதையும் தொடாதீங்கன்னு அனுப்புன தாள்ல போட்டிருந்துச்சே."

"அழுக்குக் கையால தொடாதேன்னு நினைச்சேன்!"

மனைவி கிளாடெட் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "சமையலறைக் குழாய் பத்து வருஷமாச் சொட்டுது, அதை இந்த மனுஷன் தொடமாட்டான். தொடக்கூடாததைத்தான் தேடிப் பிடிச்சு ரிப்பேர் பண்ணுவான்." சமாதானத்துக்கு எண்ணெய் ஒட்டாத காகிதத்தில் சுற்றிய டோனட்டை நீட்டினாள். டெஸ் இரண்டடி பின்வாங்கினாள்.

"அந்தக் காகிதமுந்தாங்க."

டேப்பைக் கழற்றி, குழாயை மாற்றி, ஆறு வாரம் தண்ணீரை ஓடவிட்ட பிறகு மூன்றாவது மாதிரி. லூசியன் இரு கைகளையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வேலியோரமே நின்றார்.

பிப்ரவரி முடிந்தும் தகவல் இல்லை. டெஸ்ஸுக்குப் போன் செய்தார்.

"ரிசல்ட் வந்துடுச்சுங்க. ஆனா சரிபார்க்குறவரோட ரெண்டாவது கையெழுத்து ஆகாம வாயால சொல்லக்கூடாது."

"நல்லதுன்னா ஒரு தடவை இருமு, போதும்."

டெஸ் இருமவில்லை. "ஏற்கெனவே ரெண்டு தடவை தப்பாயிடுச்சு. இதையும் முந்திச் சொல்லி மாறிப்போச்சுன்னா, உங்க மாட்டுக்கு யாருங்க பதில் சொல்றது?"

"மாடு இப்பவே கேட்டுக்கிட்டு நிக்குது. வந்து நீயே பதில் சொல்லு!"

போனை வைத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போனார். கைக்காசில் வாங்கிய புல் பாதி மந்தைக்குத்தான் இன்னும் சில நாள் வரும். அவள் இருமாததற்கு அவர் ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொண்டார். மார்ச் 8 அன்று, தீனியில்லாத பாதியை அழிக்கக் கொண்டுபோக லாரி வந்தது. இருபத்து மூன்று மாடுகளை அவரே ஓட்டி ஏற்றினார்.

கிணற்று நீரில் அந்த ரசாயனம் கண்டறியப்படவில்லை என்று ஆய்வகம் எழுதியிருந்தது. இரண்டு கையெழுத்தும் சரியாக இருந்தன. கடிதம் வந்து சேர்ந்தது 2022, மார்ச் 11.