அக்கா அறுத்த பலகை

கள்ளக்குறிச்சி மரக்கடையைக் கடக்கும்போது, புதிதாய் அறுத்த வேப்பம்பலகையின் வாசனையில் அக்கா நினைவுக்கு வந்தாள்.

அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. எங்கள் கதவின் அடிப்பலகை உளுத்து, மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. அப்பா கல்வராயன் மலைக்கு வேலைக்குப் போயிருந்ததால் அக்காவே ரம்பத்தை எடுத்தாள். முதல் பலகை கோணலாகிப் பாழானது. இன்னும் ஒன்றுதான் மிச்சம். அவள் ரம்பத்தைப் பலகைமேல் வைத்து, அறுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா பாக்குற?"

"ரம்பத்துல கண்ணாடி மாரி பலக தெரியுது பாரு. அது நெஜப் பலகயோட ஒடியாம நேரா சேந்து தெரிஞ்சிக்கினு இருந்தா, ரம்பம் சாயலன்னு அர்த்தம்."

குனிந்து பார்த்தேன். பளபளத்த இரும்புக்குள் பலகை நேராக நீண்டு போனது. அதிலிருந்து கண்ணெடுக்காமல் அக்கா அறுத்து முடித்தாள்.

களையெடுத்துவிட்டு வந்த அம்மா, அறுத்த இடத்தை விரலால் தடவி, "எந்த ஆசாரிடி வந்தாரு?" என்றாள்.

"நம்ம அக்காதாம்மா!" என்று கத்தினேன். அத்தனை பெருமையாக இதுவரை நான் வேறெதையும் சொன்னதில்லை.