கழற்றாத சப்பாத்து

பொறியியல் படிக்கப் போன முதல் நாள் நான் செய்த முதல் காரியம், பட்டறை வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்ததுதான். சோடியாக, சுவரைப் பார்த்தபடி, ஒழுங்காகத்தான் வைத்தேன். பிறகு வெறுங்காலுடன் உள்ளே போய், வெல்டிங் மேசைக்குப் பக்கத்தில் பவ்யமாக நின்றுகொண்டேன். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. மற்றவர்களுக்கெல்லாம் இருபதைச் சுற்றித்தான் இருக்கும். என் காலைப் பார்த்து முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு வகுப்பே சிரித்தது.

பட்டறை ஆசிரியர் சிரிக்கவில்லை. சிங்களவர், என்னைவிடச் சற்று இளையவர். வாசலைக் கைகாட்டி, “அக்கே, சபத்து நெத்தங் வெடத் நே” என்றார். சப்பாத்து இல்லையென்றால் வேலையும் இல்லையாம். அந்தப் பாதுகாப்புச் சப்பாத்தை வாங்க நான் இரத்தினபுரியில் கடை கடையாக ஏறி இறங்கியிருந்தேன். பெண்கள் அளவில் எங்கும் கிடைக்காமல், ஆண்பிள்ளைச் சப்பாத்தின் நுனியில் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அவ்வளவு பாடுபட்டு வாங்கியதை, எங்கே போட வேண்டுமோ அங்கேயே கழற்றிவிட்டு நின்றேன்.

என் காலைச் சொல்லிக் குற்றமில்லை. ஓப்பநாயக்கவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில், வாசல் என்று ஒன்றைக் கண்டால் கால் தானாகவே செருப்பை உதறிவிடும். கோயிலில் சாமி இருக்கிறது. தேயிலை பெக்டரியில் தூளில் மண் சேரக் கூடாது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகள் தரையில் தவழும். அங்கேதான் எனக்கு வேலை. இதற்கெல்லாம் காரணம் உண்டு. தோட்டத்து ஆபீசுக்கு மட்டும் ஒரு காரணமும் கிடையாது. உள்ளே தோட்டத்தை நடத்தும் தொரையும் கிளாக்கரும் சப்பாத்தோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் மட்டும் செருப்பைப் படியில் விட்டுவிட்டு, ஜன்னலோரமாக நின்று பேசுவோம். அப்படிச் செய்யச் சொல்லி எந்தப் போர்டும் அங்கே இல்லை. அம்மா கழற்றினாள், நானும் கழற்றினேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு நன்றாக வரும். ஆனால் உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவைத் தமிழில் படிக்க எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு பள்ளிக்கூடமும் இல்லை. வெளியூரில் தங்கிப் படிக்க வழியில்லாத நாங்கள் எல்லோரும் கலைப் பிரிவுக்குள் போனோம். நான் இந்து நாகரிகம் படித்தேன். அதன்மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை, ஆனால் என்னை அதற்குள் தள்ளிவிட்டார்கள் என்ற எரிச்சல் இன்றைக்கும் போகவில்லை. அந்த எரிச்சலோடுதான் மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு டவுனுக்குப் போய் ஒரு வயரிங் கோர்ஸில் சேர்ந்தேன். அது முடிந்ததும், சனி ஞாயிறுகளில் நடக்கும் மின்பொறியியல் டிப்ளோமாவுக்கு வழி கிடைத்தது. விடுவேனா?

வகுப்பு சிங்களத்தில் நடந்தது. பஸாரில் மரக்கறிக்குப் பேரம் பேசும் சிங்களம் என்னிடம் தாராளமாக இருந்தது. காந்தப் புலத்தைப் பற்றிப் பேசும் சிங்களம் இல்லை. முதல் கணிதப் பரீட்சையில் பெயில். பஸ்ஸில் பெல்மதுளை வரைக்கும் அழுதேன். அதற்கப்புறம் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் காரியம் நடக்கும். முதல் நாள் சிரித்தாளே, அந்த வரக்காப்பொல ஊர்ப் பெண், அவளையே பிடித்துக்கொண்டேன். என் கொச்சிக்காய்ச் சம்பலுக்கு அவள் அடிமை. சோற்றுப் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டு, தொகையீட்டைச் சொல்லிக் கொடு என்பேன். வாய் எரிய எரியச் சொல்லிக் கொடுப்பாள். மறுமுறை எழுதிப் பாஸானேன். பட்டறையில் நானே கம்பி சுற்றிய மோட்டர் முதன்முதலாக ஓடியபோது, வெட்கமில்லாமல் கைதட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இப்படியெல்லாம் வந்து, கடைசி வாசலில் மாட்டிக்கொண்டேன். ஏதாவது ஒரு தொழிற்சாலையில் சில மாதங்கள் பயிற்சி செய்தால்தான் டிப்ளோமா. வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொழும்பில் இடம் கிடைத்தது. நான் விசாரித்த இடங்களிலெல்லாம் வயதைக் கேட்டதும் குரல் மாறிவிட்டது. ஒரு இடத்தில், மகளுக்காகக் கேட்கிறீர்களா என்றார்கள். மிச்சம் இருந்தது எங்கள் தோட்டத்துப் பெக்டரி ஒன்றுதான். அங்கே இடம் தருவதும், காம்பராவிலிருந்து அத்தனை மாதம் என்னை விடுவிப்பதும் தொரையின் கையில். அவர் முடியாது என்றால் படித்ததெல்லாம் அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறார். விஷயத்தைக் கேட்டதும், “யூனியன் தலைவர கூட்டிக்கிட்டு போ. தனியா போனா தொர மொகம் குடுத்து பேச மாட்டாரு” என்றார்.

“நா என்ன சம்பளப் பிரச்சினைக்கா போறேன்? படிப்புக்குப் போறேன். நீங்க வேணும்னா ஆபீஸ் கேட் பக்கத்துல வந்து நில்லுங்க.”

நல்ல சேலையைக் கட்டி, அதற்குக் கீழே அந்தப் பட்டறைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டேன். அவர் மேலும் கீழும் பார்த்தார். “கல்யாண வீட்டுக்கு போலீஸ்காரி போற மாதிரி இருக்கு” என்றார். சிரித்தால் அழுதுவிடுவேன் போல இருந்ததால் சிரிக்கவில்லை.

ஆபீஸ் படிக்கு வந்தேன். ஜன்னலில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். அவர்களுடைய செருப்புகள் படியோரம் கிடந்தன. இவ்வளவு யோசித்துப் போட்டுக்கொண்டு வந்தும், என் முதுகு தானாகவே குனிந்தது. விரல்கள் இடது சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தேவிட்டன. அப்போதுதான் பட்டறை ஆசிரியரின் குரல் ஞாபகம் வந்தது. சப்பாத்து இல்லையென்றால் வேலையும் இல்லை. நான் வந்ததே வேலைக்காகத்தானே என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். ஜன்னலுக்குப் போகாமல் கதவுக்குப் போனேன்.

கிளாக்கர் எழுந்தே விட்டார். “என்னம்மா இது? சப்பாத்த படியில விட்டுட்டு ஜன்னல் பக்கம் வாங்க.”

“இது வேல சப்பாத்துங்க ஐயா. நா வேல விசயமாத்தான் தொரைய பாக்க வந்திருக்கேன்.”

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து தொரை கூப்பிட்டார். இளவயதுக்காரர், தோட்டத்துக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. கல்லூரிக் கடிதத்தை வாசித்தார். என் காலைப் பார்த்தார். திரும்பக் கடிதத்தைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில், “பயிற்சிக்கு ஆட்களைக் கொழும்பிலிருந்து அனுப்புவார்கள்” என்றார். “அதோடு, கொழுந்து வாட்டும் ஃபேன்கள் ராத்திரியெல்லாம் ஓடும். நடுராத்திரியில் ஒன்று நின்றுபோனால் நீங்கள் என்ன செய்வீர்கள்?”

என் கோபம் நல்ல நேரத்தில் கைகொடுத்தது. நானும் சிங்களத்திலேயே சொன்னேன். “என் லயத்து வீடு பெக்டரிக்குப் பின்னால்தான் இருக்கிறது, சேர். ஃபேன் நின்றால் யாரும் சொல்ல வேண்டாம், சத்தம் நின்ற உடனேயே எனக்கு விழிப்பு வந்துவிடும். கொழும்பிலிருந்து வருகிற பிள்ளைக்கு முதலில் நீங்கள் தங்க இடம் தேட வேண்டும்.”

அவர் சிரித்துவிட்டார். டெலிபோனை எடுத்து, பெக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரோடு பேசினார்.

“திங்கட்கிழமை பெக்டரிக்கு வாருங்கள். காம்பராவுக்கு வேறு ஆள் போடலாம்” என்றார். நான் திரும்பும்போது, “ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்” என்று நிறுத்தினார். “இந்தச் சப்பாத்து பெக்டரிக்குள் வேண்டாம். உள்ளே மட்டும் போட வேறு ஒரு சோடி கொண்டுவாருங்கள்.”

எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. தூளில் மண் சேரக் கூடாது. காரணம் இருந்தால் எத்தனை சோடி வேண்டுமானாலும் மாற்றுவேன்.

வெளியே வந்தேன். ஜன்னலில் நின்ற பெண்கள் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். என்னோடு காம்பராவில் வேலை செய்பவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கேட்டருகே நின்ற என் வீட்டுக்காரர் மட்டும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கயிறு அவுந்து கெடக்கே. இப்புடியேவா தொர முன்னால நின்ன?”

குனிந்து பார்த்தேன். இடது சப்பாத்தின் கயிறு இரண்டு பக்கமும் இழுபட்டுச் சேறாகிக் கிடந்தது. அப்படியேதான் நின்றிருக்கிறேன்.

ஆபீஸ் படியிலேயே, செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கே எங்கள் ஆட்கள் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கிளாக்கர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கழற்றுவதற்காக அந்தப் படியில் எத்தனையோ தடவை குனிந்திருக்கிறேன். கட்டுவதற்காகக் குனிந்தது அன்றைக்குத்தான்.