மஞ்சள் மிதவையில் ஒட்டிய நான்கு வரி

சாத்தூரில் குடியிருந்துகொண்டு கடலை அளக்கிற வேலை பார்க்கிறேன் என்றால் யாரும் முதலில் நம்புவதில்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் அணையும் மழையும்தான். கடலில் காற்றாலை நட்டால் எவ்வளவு காற்று கிடைக்கும், அலையிலும் நீரோட்டத்திலும் மின்சாரம் எடுக்க முடியுமா என்று அளந்து சொல்லும் ஒரு சிறிய கம்பெனியில் எட்டு வருடமாக இருக்கிறேன். கருவிகள் தூத்துக்குடிக்கு அப்பால் கடலில் இருக்கும். அவை அனுப்பும் எண்களை நான் வீட்டில் உட்கார்ந்து சரிபார்ப்பேன். “காத்து அடிக்கிறத எண்ணுறதுக்கா சம்பளம் குடுக்காக?” என்று என் பெரியம்மா ஒருமுறை கேட்டார். ஏறக்குறைய அதேதான்.

அலையை அளப்பது இடுப்பு உயரத்தில் இருக்கும் ஒரு மஞ்சள் மிதவை. அலை தன்னை எவ்வளவு தூக்கியது, எந்தப் பக்கம் தள்ளியது என்று அது குறித்துக்கொண்டே இருக்கும். சுருக்கத்தை உச்சியில் இருக்கும் ஆன்டெனாக் கம்பியால் செயற்கைக்கோள் வழியாக அனுப்பும். முழுப் பதிவும் உள்ளே இருக்கும் மெமரி கார்டில் சேரும். ஆடிக் காற்றின் கடல் வேறு, ஐப்பசி மழையின் கடல் வேறு என்பதால் ஒரு வருடமாவது விடாமல் அளக்க வேண்டும்.

நாங்கள் இறக்கிய முதல் மிதவை ஐந்தாம் மாதமே நங்கூரக் கயிறு அறுந்து போனது. கண்டெடுத்தபோது கரையில் பிளந்து கிடந்தது. உள்ளே ஏதோ இருக்கிறது என்று யாரோ உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். பதிவெல்லாம் போயிற்று. இரண்டாவதை இறக்கும் முன் அதில் ஒட்ட ஓர் எச்சரிக்கை ஸ்டிக்கர் வேண்டும் என்று முடிவானது. சிவகாசி உங்களுக்குப் பக்கம்தானே என்று மேலாளர் அந்த வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்.

அச்சகத்தில் டிசைன் செய்யும் பெண் என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். அவளைச் சுற்றிப் பட்டாசுப் பெட்டி லேபிள்கள் மாதிரிக்கு ஒட்டியிருந்தன. நான் கொண்டுபோன தாளை இரண்டு தடவை படித்தாள். அறிவியல் கருவி, தொடாதே, மீறினால் சட்டப்படி தண்டனை என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருந்தோம். இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டாள். படகுக்காரர்கள் என்றேன்.

“அக்கா, இதப் படிச்சா எனக்கே கோவம் வருது. தொடாதேன்னு போட்டிருக்கீக, அது என்னன்னு போடலையே. உள்ள தங்கம் இருக்குன்னுல்ல நெனைப்பாக.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது சரி. அவளே தட்டச்சு செய்தாள். ‘இது அலையை அளக்கும் கருவி. உள்ளே விற்கிற பொருள் எதுவும் இல்லை. கயிறு அறுந்து மிதந்தால் தயவுசெய்து இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.’ கீழே என் கைபேசி எண்.

அது கடலில் எப்படி மிதக்கும் என்று கேட்டாள். சுற்றிக்கொண்டே இருக்கும் என்றதும், அப்படியானால் நாலு பக்கமும் ஒட்ட வேண்டும், ஆடுகிற படகிலிருந்து படிக்கிற அளவுக்கு எண் பெரிதாக இருக்க வேண்டும் என்றாள். நான் கேட்ட சிவப்பு எழுத்தையும் மாற்றிவிட்டாள். டீக்கடைச் சுவரில் வெயில் படுகிற காலண்டரில் முதலில் வெளுப்பது சிவப்புதானாம். கறுப்பில் அடித்து, மேலே லேமினேஷன் போட்டுக் கொடுத்தாள்.

இரண்டாவது மிதவை பத்து மாதம் ஒழுங்காக இருந்தது. பதினோராம் மாதம், அடைமழையில், சமிக்ஞை நின்றது. படகு அனுப்பிப் பார்த்தோம். போட்ட இடத்தில் மிதவை இல்லை. மூன்று நாள் சமிக்ஞை திரும்புகிறதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. அம்மாவோடு இருக்கன்குடி கோயில் வரிசையில் நின்றிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“ஏம்மா, ஒங்க மஞ்சப் பந்து எங்க வலைக்கிட்ட மிதக்குது. மேல கம்பி ஒடிஞ்சிருக்கு. நீங்க வார வரைக்கும் இது இங்கன நிக்காது. இழுத்துட்டு வந்துரவா?”

இழுத்து வாருங்கள், நான் துறைமுகத்துக்கு வந்துவிடுகிறேன் என்றேன். வரிசையில் நின்றபடியே அழுதுவிட்டேன். அம்மா பயந்துபோய்க் கையைப் பிடித்தாள். விஷயம் தெரிந்ததும் மாரியம்மனைத் தவிர வேறு யார் என்று சொல்லிவிட்டாள்.

அன்று மாலையே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். அந்தப் படகுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். அவ்வளவு கனத்தை இழுத்து வந்ததில் அவருக்கு ஒரு நாள் தொழில் கெட்டிருந்தது. அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. மிதவையில் பாசியும் சிப்பியும் அப்பியிருந்தன. ஸ்டிக்கரில் மூன்று பக்கம் எழுத்து அப்படியே இருந்தது. கார்டைக் கழற்றி அங்கேயே மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். கயிறு அறுந்த மணி வரைக்கும் பதிவு முழுதாக இருந்தது.

“அலைய அளக்குறதுன்னு போட்டிருந்துச்சு. அளந்தா எங்களுக்கும் சொல்லுவீகளாம்மா?” என்றார்.

இத்தனை வருடத்தில் அது எனக்குத் தோன்றியதே இல்லை. மிதவையைப் பழுது பார்த்து மறுபடி இறக்கி வருடத்தை முடித்தோம். அந்த இடத்தில் காற்று நன்றாக இருக்கிறது, அலையிலும் நீரோட்டத்திலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தது. இல்லை என்று உறுதியாகச் சொல்வதற்கும் முழு வருடம் தேவைப்பட்டது. அது அந்த இரண்டு பேரால்தான் கிடைத்தது.

அச்சகத்துக்குப் போய் அவளிடம் சொன்னேன். காலண்டர் சீசன், தலை நிமிர நேரமில்லை. மிதவையின் போட்டோவைப் பார்த்துவிட்டு, நாலாவது பக்கம் ஏன் உரிந்தது என்று விசாரித்தாள். சிரித்துக்கொண்டே நன்றி சொன்னேன். அவளும் சிரித்தாள்.

காற்றாலைத் திட்டத்துக்காக மிதவை இன்னும் அங்கேதான் அளந்துகொண்டிருக்கிறது. இப்போது மேலாளரின் சம்மதத்தோடு, தினமும் காலையில் அலையின் உயரத்தைப் படகுக்காரருக்கு அனுப்புகிறேன். கரைக்கு வந்தபிறகு அவர் பதில் அனுப்புவார். சில நாள் சரி என்பார். சில நாள், “நீங்க சொன்னதவிட ஒரு முழம் கூடம்மா” என்று குரல் பதிவு வரும். அன்றைக்கு நான் கணக்கை மறுபடி எடுத்துப் பார்ப்பேன்.