மீனுக்கு அம்மை போட்ட மார்கழி

கொதிக்கிற தண்ணீரில் கல்லுப்பைப் போட்டால் ஒரு வாசனை வரும் என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். உப்புக்கு ஏது வாசனை என்பார். அவர் நாமக்கல்லிலேயே பிறந்து வளர்ந்தவர், அவரை விட்டுவிடலாம். எனக்கு அந்த வாசனை தெரியும். ஈரக் கம்பளியும் விறகுப் புகையும் கொஞ்சம் வேப்பிலைக் கசப்பும் அதில் கலந்திருக்கும். உப்புத் தண்ணீர் எங்கே கொதித்தாலும் என் மூக்கு நேரே கொல்லிமலைக்கு ஏறி, எடப்புளி நாடு என்கிற எங்கள் மலையூரில் எங்கள் வீட்டு முன்னறைக்குள் புகுந்து, அப்பா படுத்திருந்த கயிற்றுக்கட்டிலுக்குப் பக்கத்தில், உயரமான மேசைமேல் இருந்த மீன்தொட்டியின் முன்னால் போய் நின்றுகொள்ளும்.

குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்கிற மரவள்ளியும் மிளகும் போட்டுப் பிழைக்கிற வீட்டில் கலர் மீன் தொட்டிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம், ஊரே அதைத்தான் கேட்டது. நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் ஆடி மாதத்தில் அப்பா பலா மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். நாமக்கல்லில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்த அன்று டாக்டர், எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனிமேல் தினமும் எழுந்து நடந்தே ஆக வேண்டும், படுத்தே கிடந்தால் கால் மடங்காமல் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் அனுப்பினார். எலும்பு கூடியதே தவிர அப்பாவுக்கு மனசு கூடவில்லை. ஒரே ஒரு தடவை காலை ஊன்றிப் பார்த்தார், வலி சுரீரென்று ஏறியது, உட்கார்ந்தார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதோடு சரி. அம்மா வெந்நீர் வைத்துக் குளிக்கக் கூப்பிட்டாலும், "போ புள்ள, மரமேறாத ஒடம்புக்கு என்ன குளியல்" என்று விரட்டிவிடுவார். அவர் தலையில் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து சடை கட்டியிருந்தது. மலையில் அவர் ஏறாத மரம் இல்லை என்பார்கள், அப்பேர்ப்பட்ட மனுஷன் கட்டிலைவிட்டு இறங்கப் பயந்துபோய்க் கிடந்ததைப் பார்க்க எனக்கு அப்போது ஆத்திரமாகத்தான் வந்தது. அது பயம் என்பதே எனக்கு அன்றைக்குத் தெரியாது.

தொட்டியைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. அப்பாவின் தம்பியான அவர், எங்கள் பக்கத்துக் குச்சிக்கிழங்கை ஜவ்வரிசி மில்லுக்குக் கொண்டுபோகும் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் சுவரைப் பார்த்துக் கிடப்பதைப் பொறுக்க முடியாமல், ஐப்பசியில் ஒருநாள் திரும்பி வரும் காலி லாரியில் வைக்கோலுக்கு நடுவே தொட்டியையும், மடியில் பாலித்தீன் பையில் மீன்களையும் வைத்துக்கொண்டு, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் லாரியை மாட்டுவண்டி போல உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, இது கொழம்புக்குக்கூட ஆவாதேடா" என்றார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல் அது. அம்மா அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து அப்பா சுவரை விட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பிப் படுத்தார். கருப்பு மோலி நாலைந்து, பட்டையாக ஒரு ஏஞ்சல், வால் நீண்ட சிவப்பு மீன் ஒன்று. அந்தச் சிவப்பு மீன் கண்ணாடியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாள் முழுக்கப் போய்வந்தபடி இருந்ததால் அப்பா அதற்கு "லைன் பஸ்" என்று பேர் வைத்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "லைன் பஸ்சு இன்னிக்கு ஒரு ட்ரிப்புகூட கட்டடிக்கல கண்ணு" என்று சொல்வார். எழுந்திருக்க மாட்டார், ஆனால் சாப்பிடுவார், பேசுவார், தீவனத்தைத் தன் கையால் தூவுவார். இன்னும் கொஞ்ச நாளில் நடந்துவிடுவார் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மார்கழி வந்தது. எங்கள் மார்கழியில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும், குடத்துத் தண்ணீரில் கையை விட்டால் விரல் மரத்துப்போகும். ஒருநாள் காலையில் பார்க்கிறேன், லைன் பஸ்ஸின் உடம்பில் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். மறுநாள் மோலிகளுக்கும் வந்துவிட்டது. கருப்பு உடம்பில் வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. எல்லாம் கூழாங்கல்லில் உடம்பை உரசிக்கொண்டு கிடந்தன. நான் கூப்பிட்டதும் அம்மா ஈரக்கையோடு வந்து குனிந்து பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று பின்னால் நகர்ந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மெல்லிய குரலில், "ஆத்தா வந்துருக்கா" என்றாள்.

நீங்கள் சிரிக்க வேண்டாம். வெள்ளையாக முத்து முத்தாகப் புள்ளி போட்டால் எங்கள் ஊரில் அது அம்மைதான், மனுஷனுக்குப் போட்டால் என்ன, மீனுக்குப் போட்டால் என்ன. அம்மாவுக்குத் தம்பி ஒருவன் இருந்தான், சின்ன வயதில் அம்மை கண்டு போய்ச் சேர்ந்தவன். அம்மை இறங்குவதற்கு முன்னால் யாரோ அவசரப்பட்டு மருந்து கொடுத்ததால்தான் ஆத்தா கோபித்துக்கொண்டாள் என்று அந்த வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அம்மாவும் அதை நம்பியே வளர்ந்தவள். அதனால் அன்றைக்கே வாசலில் வேப்பங்கொத்து ஏறியது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, எனவே குழம்பு நின்று கூழும் மோரும் வந்தது. என் தலையைச் சீவக் கூடாது, யாரையும் திட்டக் கூடாது, அந்த ஒன்று மட்டும் எனக்கு வசதியாக இருந்தது. அம்மைக்குக் குளிர்ச்சிதானே வேண்டும். அம்மா தினமும் விடிந்ததும் ஊற்றுத் தண்ணீரை மொண்டுவந்து தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றினாள், மேலே வேப்பிலையை மிதக்கவிட்டாள்.

பக்கத்துத் தோட்டத்துச் செல்லக்கா வாசலிலேயே நின்று, "யாருக்குக் கண்ணு போட்டிருக்குது, உனக்கா?" என்று கேட்டார்.

"மீனுக்குங்க" என்றேன்.

சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் முகம் மாறவே இல்லை. "பாத்துக்கச் சொல்லு சாமி, எறங்குற வரைக்கும் பத்தியமா இருக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போய், கொஞ்ச நேரத்தில் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வாசலில் வைத்தார். மீன் குடிக்காத மோரை நான் குடித்தேன்.

மீன்கள் தேறவில்லை. லைன் பஸ் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அடியில் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதும் என்னையாட்டமே படுத்துக்கிச்சு. இனி எந்திரிக்காது" என்றார். அம்மா முகம் வெளுத்துவிட்டது. அவர் மீனைப் பற்றிச் சொல்லவில்லை என்பது எனக்கே புரிந்தது.

அந்த வாரம் வந்த சித்தப்பாவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் மலைக்குக் கீழே போய்க் கலர் மீன் கடையில் விசாரித்துவிட்டு வந்தார். "அண்ணி, அது அம்மை இல்லீங்க, பூச்சிங்க. கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள்ள பூந்துக்குது. முத்துனதும் உதுந்து தரையில உழுந்து, நூறாப் பெருகி மறுக்கா மேல ஏறுது. குளுந்த தண்ணியில அதுக்குக் கொண்டாட்டமாம். தண்ணிய வெதுவெதுன்னு வெச்சு, கல்லுப்புப் போடோணும்னு சொல்றாங்க" என்றார்.

அம்மா ஒரேயடியாக மறுத்தாள். உப்பும் சூடும். ஆத்தா இருக்கிற இடத்தில் எவையெல்லாம் ஆகாது என்று அவள் பிறந்ததிலிருந்து கேட்டு வந்தாளோ, அவற்றையே கொண்டுவந்து கொட்டச் சொல்கிறார்கள். "ஒருத்தனக் குடுத்தது போதும் தம்பி. ஆத்தாளாப் பாத்து எறங்குவா" என்றாள். சித்தப்பா அண்ணனைப் பார்த்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

சில நாட்கள் கழித்து, அம்மா சொன்னது போலவே நடந்தது. காலையில் பார்த்தால் மீன்களின்மேல் ஒரு புள்ளிகூட இல்லை, அத்தனையும் உதிர்ந்துவிட்டிருந்தன. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அம்மை இறங்கினால் தலைக்கு ஊற்ற வேண்டும். பனி விலகி வெயில் விழுந்ததும், வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர்க் குடத்தை வாசலில் வைத்துக் காயவிட்டாள். பிறகு அதிலிருந்து ஒரு கை அள்ளித் தொட்டியில் தெளித்தாள். மிச்சக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் போய், "ஏனுங்க, அம்மை போட்ட ஊட்டுல எல்லாருந்தான் தலைக்கு ஊத்திக்கோணும். ஆத்தா தண்ணி, வேண்டாங்கக் கூடாது" என்றாள். அப்பா கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து, காலைத் தொங்கப்போட்டு, தலையைக் குனித்தார். மண் தரையில் மஞ்சள் தண்ணீர் ஓட ஓட அம்மா அவர் தலையைத் தேய்த்துத் தேய்த்து ஊற்றினாள். அப்பா குலுங்கியது குளிராலா அழுகையாலா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டாலும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. புள்ளிகள் திரும்பி வந்தன, முன்பைவிடப் பல மடங்காக. லைன் பஸ்ஸின் வால்கூட வெள்ளையாகிவிட்டது. ஒரு மோலி செத்து மிதந்தது. அப்பா மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா தொட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு வாசலுக்குப் போய் வேப்பங்கொத்தை இறக்கினாள். "தலைக்கு ஊத்துனதுக்கு மேல ஆத்தா அதே ஒடம்புக்குத் திரும்ப வரமாட்டா. அவ போய்ட்டா. இது வேற என்னமோ சீக்கு, சீக்குக்கு மருந்து போட்டாத் தப்பில்ல. கண்ணு, உப்புச் சட்டிய எடுத்துட்டு வா" என்றாள். மலையில் எந்தப் பூசாரியைக் கேட்டாலும் அவள் சொன்னதில் குற்றம் கண்டுபிடித்திருக்க முடியாது.

அதற்குப் பிறகு எங்கள் வீடு ஒரு ஆஸ்பத்திரியாகிவிட்டது. தொட்டியைச் சுற்றிக் கம்பளியைக் கட்டினோம். அம்மா தண்ணீரைக் கொதிக்கவைத்து உப்பைக் கரைத்து, ஆறியதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் சேர்த்தாள். பாட்டில்களில் வெந்நீர் அடைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டோம், ஆறினால் மாற்றினோம். தரையில் விழும் பூச்சியை எடுப்பதற்கு, டீசல் உறிஞ்சுகிற மாதிரி குழாயை வாயில் வைத்து உறிஞ்சி அடித்தண்ணீரை இறக்க வேண்டும் என்று சித்தப்பா சொல்லிக்கொடுத்தார். அதில் ஒரு வாய் நான் விழுங்கிவிட்டேன், அந்த ருசியை எழுத மாட்டேன். சூடு அதிகமானால் மீன் வெந்துவிடும், குறைந்தால் பூச்சி பிழைத்துவிடும். அதைக் கையை விட்டுப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் தொட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குப் பள்ளிக்கூடம், அம்மாவுக்கு அடுப்பு. அம்மா அப்பாவின் முதுகைப் பார்த்து, "இங்க வேலையில்லாம இருக்குறது நீங்க ஒருத்தர்தானுங்க" என்றாள். அப்பா திரும்பினார், முனகிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார், சட்டைக் கையை மடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. தொட்டிக்குள் காற்று ஊதுகிற சின்ன மோட்டார் நின்றது. வெதுவெதுப்பான தண்ணீரில் மூச்சுக்குக் காற்று போதாமல் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. நானும் அம்மாவும் கொல்லையில் விறகு எடுத்துக்கொண்டிருந்தோம், எங்களுக்குத் தெரியாது. உள்ளே வந்தால், தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அப்பா நின்றுகொண்டிருந்தார். ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சொம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி, நுரை எழும்ப மறுபடி தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தார். கால் வெடவெடவென்று ஆடியது. நிறுத்தவில்லை. கீழே லைன் பஸ், அவர் ஊற்றும் தாரையின் பக்கத்தில் வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

நான் கத்தப் போனேன். அம்மா என் தோளை அழுத்தினாள். பிறகு ஒன்றுமே நடக்காதது போல, "கீழ சிந்தாம ஊத்துங்க, வழுக்கும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாட்டிலுக்கு வெந்நீர் எடுக்க அடுப்படிக்குப் போனாள்.

லைன் பஸ் பிழைத்தது. ஏஞ்சலும் இரண்டு மோலிகளும் பிழைத்தன. பொங்கல் முடிந்து மிளகு பறிக்கிற நாளில் அப்பா ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு தோட்டத்தில் நின்று, ஏணிமேல் இருந்தவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் மரம் ஏறவில்லை, ஆனால் அந்தக் கம்போடு மலை முழுக்க நடந்தார், என் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கவும் நடந்தே போனார்.

இப்போது மலையில் அந்த மார்கழிக் குளிர் இல்லை. மீன்கள் அந்தந்தக் காலத்தில் போய்ச் சேர்ந்தன. அப்பாவும் போன வருஷம் போய்விட்டார். சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, மூலையில் காலியாகக் கிடந்த தொட்டியைத் துடைத்துக்கொண்டே, இத்தனை காலமாகக் கேட்காததை அம்மாவிடம் கேட்டேன். "அன்னிக்கு மீனுக்கு ஆத்தா எறங்கிட்டான்னு நெசமாவே நெனச்சியாம்மா?"

அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். "மீனுக்கு எறங்குச்சோ என்னமோ, யாரு கண்டா. ஒரு கைத் தண்ணிதான கண்ணு அதுக்குத் தெளிச்சேன்" என்றாள். இன்னும் இரண்டு காயை உரித்தாள். "மிச்சக் குடம் யாருக்குன்னு காய வெச்சேன்னு நெனச்சே? நான் கூப்புட்டா உங்கப்பன் வருவாரா. ஆத்தா கூப்புடறான்னுதான் எந்திரிச்சு உக்காந்தாரு."

தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் துடைத்தேன். துடைத்து, பழைய மேசைமேலேயே வைத்துவிட்டு வந்தேன்.