தினமும் ஒரே வாசலில் நின்ற கோடு

ஐம்பதுகளின் தொடக்கத்தில், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டு மாடியறையில் நாங்கள் எட்டுப் பேர் குடியிருந்தோம். எட்டுப் பேருக்கும் குடும்பம் ஊரில். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரு ஜன்னல். பெரிய மனிதர்கள் எல்லாரும் நாட்குறிப்பு எழுதியவர்கள் என்று எங்கோ படித்துவிட்டு நானும் ஒரு நோட்டு வாங்கினேன். பெரிய மனிதனாவதற்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

முதல் வாரத்தில் ‘இன்று மழை. மனம் சரியில்லை’ என்று எழுதிவைத்தேன். மறுநாள் மாலை வேலை முடிந்து வந்தால், அறைக்காரர் ஒருவர் அதை மற்ற ஆறு பேருக்கும் வானொலிச் செய்தி மாதிரி வாசித்துக்கொண்டிருக்கிறார். பிறகு ஒரு மாதம், குழாயடியில் யாரைப் பார்த்தாலும் ஒரே விசாரிப்பு: “என்ன தம்பி, மழை விட்டிருச்சே, மனசு சரியாயிருச்சா?” நோட்டு அடுப்புப் பற்றவைக்கப் பயன்பட்டது.

ஒரு பொறியியல் அலுவலகத்தில் எனக்கு டிரேசர் வேலை. பொறியாளர் பென்சிலில் போட்ட சாக்கடைப் படத்தின்மேல் மெல்லிய தாளை விரித்து, கீழே தெரியும் கோட்டின்மேலேயே மையால் கோடு இழுக்க வேண்டும். சொந்தமாக ஒரு கோடு போட்டால் வேலை போய்விடும். சொந்தமாக எதையும் யோசிக்கக் கூடாத வேலைக்கு நான் பிறவியிலேயே பொருத்தமானவன். அங்கே கழித்துப்போடும் துண்டுத் தாள்களைக் கேட்டு வாங்கிவந்தேன். தேக்கா, ஜாலான் புசார், ரோச்சோர் கால்வாய் எல்லாம் அடங்கிய வரைபடம் ஒன்றை அட்டையில் ஒட்டி, அதன்மேல் தாளை வைத்து, அன்று நான் நடந்த வழியை ஒரே கோடாக இழுத்தேன். வாரத்துக்கு ஒரு தாள். வேலை நாளுக்குக் கறுப்பு மை, ஞாயிற்றுக்கிழமைக்குச் சிவப்பு. மழை பெய்தால் விட்டுவிட்டுப் போகிற கோடு. நின்ற இடத்தில் ஒரு புள்ளி. எவ்வளவு நேரம் நின்றேனோ அவ்வளவு பெரிய புள்ளி. எழுத்து என்று ஒன்றுகூடக் கிடையாது.

“ஆபீஸ் சாக்கடை பத்தாதுன்னு வீட்டுக்கும் தூக்கிட்டு வந்துட்டான் லா” என்றார்கள் அறைக்காரர்கள்.

“ஆமாண்ணே, சாக்கடைப் படம்தான்” என்பேன். சொல்லிச் சொல்லி அது நாக்கிலேயே தங்கிவிட்டது. அந்தப் பழக்கம் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

நான் கப்பலேறியபோது என் மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. பெண் பிறந்திருக்கிறாள் என்று கடிதம் வந்த அன்று, பதில் எழுதக் காகிதமும் உறையும் வாங்குவதற்காகப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். கடைவீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில், சுவரோடு ஒட்டிவைத்த கடை. கடைக்காரர் தமிழ் முஸ்லிம். அண்ணன் என்ற பொருளில் நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். உறையோடு என் கையில் ஒரு பிடி கற்கண்டையும் திணித்தார். “பொண்ணு பொறந்திருக்கு தம்பி, நாலு நாளாச்சு.”

எனக்கும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

கடிதம் கடல் கடந்த நாட்களைக் கணக்கிட்டால் என் பெண் இரண்டு வாரம் மூத்தவள். அன்றிலிருந்து தினமும் அலுவலகம் விட்டதும் அந்தச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டுதான் அறைக்குத் திரும்புவேன். நானா வீட்டுப் பெண் கவிழ்ந்துகொண்டால் என் பெண்ணும் கவிழ்ந்திருப்பாள். அவள் கல்லா மேசையைப் பிடித்து நின்றால் இவளும் நின்றிருப்பாள். சும்மா போய் நிற்க முடியுமா? ஒரு தீப்பெட்டி வாங்குவேன். நான் பீடி, சிகரெட் எதுவும் தொட்டதில்லை. அறையில் தீப்பெட்டி குவிந்தது. பேச்சு வந்ததும் அந்தப் பெண் எனக்கு வைத்த பெயர், தீப்பெட்டி மாமா.

ஊருக்குக் கப்பலேறும் ஆள் கிடைக்கும்போதெல்லாம் மகளுக்குக் கவுன் கொடுத்துவிடுவேன். அளவுக்கு என்ன செய்வது? நானாவிடம் ஒரு துண்டுச் சணல் கேட்டு, அவர் பெண்ணின் தோளிலிருந்து முழங்கால்வரை பிடித்துப் பார்த்து, தையற்காரரிடம் காட்டிவிட்டுச் சணலைத் திருப்பிக் கொடுப்பேன். எதற்கு என்று நானா ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

மனைவியிடமிருந்து கடிதம் வரும்: ‘கவுன் அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. எப்படித் தெரிந்தது?’ இன்னொரு கடிதத்தில், ‘குழந்தை நிற்க ஆரம்பித்திருப்பாளே என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னார்கள்?’ என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பதிலில் அந்தக் கேள்விகளைத் தொடவே இல்லை. மர்மம் ஆணுக்கு அழகு என்று ஒரு நினைப்பு.

ஐந்து வருஷம் கழித்து இருவரும் வந்து சேர்ந்தார்கள். தனியாக ஓர் அறை பிடித்தேன். இரண்டாவது ஞாயிறு காலை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வருகிறேன். தரை முழுக்க என் தாள்களும் வரைபட அட்டையும். நடுவில் மனைவி. ஐந்தாறு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்த்தால் எல்லா வாரமும் ஒரே படமாகத் தெரியும். இத்தனை வருஷத்தில் எனக்கே தோன்றாத யோசனை.

“என்னங்க இது?”

“சாக்கடைப் படம்.” நாக்கு முந்திக்கொண்டது.

“அப்படியா? இந்தச் சாக்கடை தினம் ஒரே வாசல்ல போய் நிக்குதே. அங்க யாரு இருக்கா?”

“அது ஒரு கடை.”

“என்ன வாங்குவீங்க?”

“தீப்பெட்டி.”

“பீடி குடிக்காத மனுஷனுக்குத் தினம் தீப்பெட்டி.” தாளைக் கீழே வைத்தாள். “கடையில வேற யாரு?”

“கடைக்காரர். அவர் சம்சாரம். ஒரு பொண்ணு.”

“எத்தனை வயசு?”

“நம்ம பொண்ணு வயசுதான்.”

சொல்லி முடித்த பிறகுதான், நான் சொன்ன உண்மைகளை வரிசையாக வைத்தால் என்ன ஆகிறது என்பது எனக்கே விளங்கியது. அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

“கவுன் அளவைப் பாத்துட்டு ஊர்ல பொம்பளைங்க சொன்னாங்க, ‘அங்கயும் ஒண்ணு வளருதுடி, அதை வெச்சுத்தான் இதுக்குத் தைக்கிறாரு’ன்னு. அஞ்சு வருஷமா சண்டை போட்டிருக்கேன், அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லைன்னு. அடுத்த கப்பல் எப்பன்னு மட்டும் சொல்லிடுங்க.”

என்னென்னவோ சொன்னேன். சணல் என்றேன், கற்கண்டு என்றேன். எனக்கே நம்பும்படியாக இல்லை. கடைசியில், தாள் எப்படிப் போட்டது என்பதை மட்டும் விளக்கினேன்: கறுப்பு என்ன, சிவப்பு என்ன, புள்ளி என்ன. அவள் ஒவ்வொரு தாளாக எடுத்து, கோட்டின்மேல் விரல் வைத்து நடந்து பார்த்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் விரலையும் வைத்து அம்மாவுக்குப் பின்னாலேயே போனாள். மீன் வாசலிலேயே கிடந்தது.

கடைசித் தாளிலிருந்து விரலை எடுத்துவிட்டு மனைவி கேட்டாள். “ஆபீஸ் புள்ளி எம்மாம் பெருசு?”

“வடை அளவு.”

“கடைப் புள்ளி கடுகுதான். ஒரு தாள்லயும் பெருசாகல. அத்தனை கோடும் ரூமுக்கு வந்துதான் முடியுது.” தாள்களைத் தட்டி அடுக்கினாள். “கடுகுல குடும்பம் நடத்த முடியாது. சட்டையை மாட்டுங்க, அந்தப் பொண்ணை நான் பாக்கணும்.”

மூவரும் போனோம். தூரத்திலேயே நானா மகளின் குரல் வந்தது: “அத்தா, தீப்பெட்டி மாமா வந்துட்டாங்க.” நானா பார்க்காமலே தீப்பெட்டியை நீட்டினார். பிறகு என் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றது.

“வாம்மா” என்றார் என் மனைவியிடம். “இவ்வளவு நாள் ஆக்கிட்டீங்களே.”

“உங்களுக்குத் தெரியுமாண்ணே?”

“வாயத் தொறந்து ஒண்ணும் சொன்னதில்லை. பீடி குடிக்காத ஆளு தினம் தீப்பெட்டி வாங்குறாரு. வாங்கிட்டு எம்பிள்ளையவே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. ஊர்ல ஒண்ணு இருக்கும்னு தெரியாதா? கேட்டா வெக்கப்பட்டு வராமப் போயிருவாரு. அதான் கேக்கல.”

தராசுக்குப் பின்னால் ஓர் ஆணியிலிருந்து ஒரு கொத்தைக் கழற்றினார். நான் திருப்பிக் கொடுத்த சணல் துண்டுகள், நுனியில் முடிச்சுப் போட்டு, குட்டையிலிருந்து நீளம்வரை வரிசையாக. “நம்ம பிள்ளை வளந்த கணக்கும் ஆச்சேன்னு தூக்கிப் போடல.”

நான் கோடுகளைச் சேர்த்த அதே வருஷங்களில் அவரும் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்திருக்கிறார், என்னுடையதைவிடத் தெளிவானது.

மனைவி இருப்பதிலேயே குட்டையான சணலை எடுத்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்து, விரித்து, இரண்டுக்கும் நடுவே அதை இழுத்து வைத்தாள். “முதல் கவுன் வந்தப்ப இவ்வளவுதான் இருந்தா” என்றாள். அடுத்ததை வைத்தாள். “இதுல நடந்தா.” நீளமான கடைசிச் சணலை மகளின் தோளில் பிடித்தபோது அது முழங்காலுக்கு இரண்டு விரல் மேலேயே நின்றது. நானாவின் பெண் வந்து இவளோடு முதுகொட்டி நின்று, “நான்தான் பெரியவ” என்றாள். அது பொய். நாங்கள் யாரும் திருத்தவில்லை.

அன்று மாலை புதுத் தாளில் சிவப்பு மையால் கோடு போட்டேன். சந்துக்குள் திரும்பி, கடை வாசலில் வழக்கம்போல் கடுகாக ஒரு புள்ளி வைத்தேன். மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் பெருசா வைங்க” என்றாள்.