அரை டம்ளரில் ஒரு பாக்கெட்

கரோல் பாக் மருந்துக்கடையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நேற்று தெருவோரம் தின்ற கோல்கப்பா என்ற பானிபூரியின் புண்ணியத்தில் மூன்று வாந்தி, ஆறு பேதி. மனதுக்குள் உயில் எழுதி முடித்தாகிவிட்டது.

"காலைல தந்த ஓ.ஆர்.எஸ். பவுடரை எப்படி கலந்தீய?" என்கிறார் கடைக்காரர், டெல்லியிலேயே நரைத்த திருநெல்வேலிக்காரர்.

"அரை டம்ளர் தண்ணில. டிகாஷன் மாதிரி திக்கா."

"அரே ராம்! முழு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணி சார்! திக்கா குடிச்சா பேதி கூடத்தான் செய்யும். ஒண்ணுக்குப் போனீயளா?"

"காலைலேர்ந்து இல்லை."

"அச்சா, புது பாக்கெட்டை ஒரு லிட்டர்ல நானே கலந்து தாரேன், இங்கயே உக்காந்து கொஞ்சங் கொஞ்சமா குடிங்க. அதுவும் வாந்தியாப் போனாலோ, ரத்தம் போனாலோ, மத்தியானத்துக்குள்ள ஒண்ணுக்கு வரலைன்னாலோ, நேரா ஆஸ்பத்திரி."

மடக்கு மடக்காகக் குடிக்கிறேன். இரண்டு மணி நேரம் கழித்து, கடையின் கழிப்பறையிலிருந்து "வந்தாச்சு!" என்று கூவிக்கொண்டு ஓடி வருகிறேன். மருந்து வாங்க நின்ற சர்தார்ஜி என் கையைக் குலுக்குகிறார். எனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார் போல.